எங்கள் வீட்டு ஒலிப்பெட்டி

பன்னிரண்டாம் வகுப்பு, அறிவியல் பிரிவு

மனிதன் செய்த பொருள் எதுவாயினும் ஒரு நாள் பழுதுபடத்தான் செய்யும். கடிகாரம் நிற்கும், மிதிவண்டிச் சங்கிலி அறும், தையல் இயந்திரம் நூலைக் கடிக்கும். அவ்வாறு பழுதுபட்டதை நம் பாட்டிமார் உடனே குப்பையில் எறிந்துவிடவில்லை. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரும், குடை ரிப்பேர் செய்பவரும், அம்மி கொத்துபவரும் தெருத் தெருவாக வந்து போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றோ, "ரிப்பேர் செய்வதைவிடப் புதிது வாங்குவதே மேல்" என்பது எல்லோர் வாயிலும் வருகிறது. அந்த வாக்கு எப்போதும் உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு சென்ற கோடை விடுமுறையில் எனக்குக் கிடைத்தது. அதைத் தோழியரோடும் தங்கையரோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு லாஸ்பேட்டையில் இருக்கிறது. இந்த ஊரின் பெயரே செப்பனிடும் வேலையோடு தொடர்புடையது என்பது பலருக்குத் தெரிந்திராது. 1761ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல் நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தபோது, ஆளுநராக இருந்து அதை மீண்டும் கட்டி எழுப்பியவர் லா தெ லொரிஸ்தோன் என்பவர். அவருடைய பெயரால் அமைந்ததே 'லா'வின் பேட்டை. இன்று அங்கே விமான நிலையம் இருக்கிறது. தாகூர் கலைக் கல்லூரியும் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. அந்தப் பாலிடெக்னிக்கைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

என் தாயார் வீட்டின் முன்னறையில் பரதநாட்டியம் கற்பிக்கிறார். பதினான்கு பிள்ளைகள் மாலையில் வருவார்கள். அப்பா காலமான பிறகு எங்கள் குடும்பம் நடப்பதும், நானும் என் தம்பியும் படிப்பதும் இந்த வகுப்பினால்தான். வகுப்புக்கு மிருதங்கக்காரரை அழைக்க வசதியில்லை. பதிவு செய்த ஜதியையும் பாட்டையும் கைப்பேசியிலிருந்து ஓர் ஒலிப்பெட்டியில் போட்டுத்தான் பிள்ளைகள் ஆடுவார்கள். கணினிக்கென்று அப்பா வாங்கிய பெட்டி அது. இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும், தரையில் வைக்கும் 'சப்-ஊஃபர்' என்னும் பெரிய மரப்பெட்டியும் கொண்டது. மூன்றுக்கும் உரிய ஆம்ப்ளிஃபயர் அந்த மரப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

சப்-ஊஃபரின் வேலை தாழ்ந்த ஒலிகளைத் தருவது. மனிதக் காது ஏறத்தாழ நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும். அவற்றுள் அடிமட்டத்து ஒலிகளை எழுப்பக் காற்றை மிகுதியாகத் தள்ள வேண்டும். கைக்குள் அடங்கும் சின்ன ஸ்பீக்கரால் அது இயலாது. ஆகவே ஒரு வடிகட்டிச் சுற்று தாழ்ந்த ஒலிகளைப் பிரித்துப் பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியிலிருந்து எழும் கனத்த நாதம் அதன் வழியாகத்தான் அறைக்குள் வரும். ஆடுகிற பிள்ளையின் கால் அந்த நாதத்தைக் கேட்டுத்தான் தரையில் விழும்.

சென்ற ஏப்ரலில் அந்தப் பெட்டி 'உம்' என்று முனகத் தொடங்கியது. முதலில் மெல்லியதாக இருந்த முனகல் நாளடைவில் பாட்டையே மறைத்தது. தொப்பியின் நாதம் சோர்ந்துபோயிற்று. சில வேளைகளில் அடியோடு நின்றும் போகும். சின்னப் பிள்ளைகள் தாளம் தவறினார்கள். அம்மா தட்டுக்கழியை ஓங்கித் தட்டித் தட்டித் தோள்வலி கண்டார். ஜூன் மாதம் ஒரு விழாவில் பிள்ளைகள் ஆடுவதாக ஏற்பாடாகியிருந்தது. ரிப்பேர் கடை ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினோம். பெட்டியைத் திறக்காமலேயே, "இதுக்கெல்லாம் இப்ப யாரும் வேலை பார்க்கிறதில்லைம்மா, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். புதியது நான்காயிரத்துக்குக் குறையாது. அந்த மாதத்தில் அது எங்களுக்குப் பெரிய தொகை. தம்பியின் புத்தகக் கட்டணமும் அப்போதுதான் வந்திருந்தது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்தவர். இப்போது கண்பார்வை மங்கிவிட்டது, கையும் நடுங்கும். அவரிடம் போய்க் கேட்டேன். "நான் பார்த்துத் தர முடியாது பாப்பா. ஆனா சொல்லித் தர முடியும். நீ செய்வியா?" என்றார். "செய்யறேன் தாத்தா" என்றேன்.

அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக்கா கரண்ட்டு வேலை? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பெரியவர் பக்கத்துல இல்லாம பெட்டியைத் தொடக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் திறக்கணும்" என்று இரண்டு நிபந்தனை விதித்து அனுமதி தந்தார். மாமாவின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். அது ஆண் பெண் பார்த்து அடிப்பதில்லை. அறியாமல் தொடுகிற யாரையும் அடிக்கும். ஆகையால் தேவை அறிவும் எச்சரிக்கையுமே அன்றி, இன்னார்தான் தொடலாம் என்ற சட்டம் அன்று.

தாத்தா உடனே திருப்புளியை எடுக்க விடவில்லை. "பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி பெட்டிகிட்ட கேள்வி கேளு. அது பதில் சொல்லும்" என்றார்.

முதல் கேள்வி: முனகல் வெளியிலிருந்து வருகிறதா? கைப்பேசியிலிருந்து வரும் கம்பியைப் பிடுங்கினோம். முனகல் குறையவில்லை. எனவே கைப்பேசியின் மீதோ கம்பியின் மீதோ குற்றம் இல்லை.

இரண்டாம் கேள்வி: ஒலியளவைக் குறைத்தால் முனகலும் குறைகிறதா? குமிழை முற்றிலும் குறைத்தோம். முனகல் அப்படியே இருந்தது. எனவே குமிழுக்கு முந்திய பகுதியில் பழுது இல்லை. அதற்கு அப்பால் தேட வேண்டும்.

மூன்றாம் கேள்வி: ஸ்பீக்கர் நலமாக இருக்கிறதா? இதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு, பின்பலகையை எடுத்தோம். ஸ்பீக்கரின் இரு கம்பிகளைப் போர்டிலிருந்து விடுவித்து, சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பாட்டரியின் இரு முனைகளிலும் தொட்டேன். 'டப்' என்று காகிதக் கூம்பு அசைந்தது. எடுத்தபோது மறுபடி 'டப்' என்றது. ஸ்பீக்கர் நலம். 1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் வெளியிட்ட அமைப்பும் இதே தத்துவத்தைக் கொண்டதுதான்: காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. நூறு ஆண்டுகளாக அடிப்படை மாறவில்லை.

இப்போது மிஞ்சியது ஆம்ப்ளிஃபயரும் அதற்கு மின்சாரம் ஊட்டும் பகுதியும்தான். இங்கே எங்கள் இயற்பியல் பாடம் கைகொடுத்தது. டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கிறது. நான்கு டயோடுகள் சேர்ந்த அலைதிருத்தி அதை ஒரே திசையில் ஓடச் செய்கிறது. ஆனால் அது சீரான ஓட்டம் அன்று. மேடும் பள்ளமுமாகத் துடிக்கும் ஓட்டம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. முழு அலை திருத்தத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு. ஆகவே நொடிக்கு 100 துடிப்பு. அந்தப் பள்ளங்களை நிரப்புவதற்காகவே பெரிய மின்தேக்கிகளை வைக்கிறார்கள். மேட்டில் மின்னூட்டத்தைச் சேமித்து, பள்ளத்தில் கொடுப்பது அவற்றின் கடமை. பாடநூல் மின்தேக்கி என்கிறது. தாத்தா கண்டன்சர் என்கிறார். இரண்டும் ஒன்றே என்று என் மனத்தில் அன்றுதான் ஒட்டியது. தேர்வுக்காக நான் வரைந்து வரைந்து பழகிய படம், தூசி படிந்த போர்டாக என் மடியில் இருந்தது.

போர்டில் உருளை வடிவான இரண்டு பெரிய கண்டன்சர்கள் இருந்தன. ஒன்றின் தலை தட்டையாக இருந்தது. மற்றதன் தலை வீங்கி, மேலே கீறியிருந்த கோட்டின் வழியே பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே அழுத்தம் மிகுந்தால் உருளை வெடிக்காமல் அந்தக் கீறல் வழியே திறந்துகொள்ளட்டும் என்பதற்காகவே அதை வைக்கிறார்கள்.

"பார்த்தது மட்டும் சாட்சி ஆகாது, அளந்து பாரு" என்றார் தாத்தா. அளப்பதற்குப் பெட்டியில் மின்சாரம் இருக்க வேண்டும். அப்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். இரு கைகளும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சின் வழியாகப் பாயக்கூடும். அதனால் பழைய மெக்கானிக்குகள் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை. மீட்டரின் கறுப்புக் கம்பியைக் கிளிப்பால் பொதுமுனையில் மாட்டி, சிவப்புக் கம்பியை மட்டும் ஒரு கையால் பிடித்தேன். கணக்குப்படி 12ஐ 1.414ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 17; டயோடில் இழப்பது போக 16 வோல்ட் இருக்க வேண்டும். நேர்முனையில் 16 இருந்தது. எதிர்முனையிலோ 12 தான். சாட்சி கிடைத்துவிட்டது. வீங்கிய கண்டன்சர் பள்ளங்களை நிரப்பவில்லை. அந்த 100 துடிப்புகளே 'உம்' என்று எங்கள் காதில் விழுந்தன. சின்ன ஸ்பீக்கர்களால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர இயலாததால், முனகல் பெரிய பெட்டியிலிருந்து மட்டும் வருவதாகத் தோன்றியது.

அது ஏன் கெட்டது? இவ்வகைக் கண்டன்சருக்குள் திரவம் இருக்கிறது. வெப்பத்தால் அது மெல்ல மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 85 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று செய்த ஒன்று, 45 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும். பெரிய எண்ணாகத் தோன்றினாலும், இரவும் பகலும் பிளக்கில் இருந்தால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேலே அது முடிந்துவிடும். புதுச்சேரிக் கோடையில், காற்றோட்டமில்லாத மரப்பெட்டிக்குள் 45 பாகை என்பது வியப்பன்று. சில வேளைகளில் தயாரிப்பே குறையுடையதாக இருக்கும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், உள்ளே இட்ட திரவம் சரியில்லாததால் உலகெங்கும் கணினிப் போர்டுகளில் இப்படிக் கண்டன்சர்கள் வீங்கிக் கெட்டன.

மறுநாள் நகரத்துக்குப் போய் ஒரு உதிரிபாகக் கடையில் 4700 மைக்ரோ பாரட் கண்டன்சர் இரண்டு வாங்கினேன். பழையது 25 வோல்ட், 85 பாகை. வாங்கியது 35 வோல்ட், 105 பாகை. வோல்ட்டும் பாகையும் கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது. ஆனால் உருவம் பெருத்துவிட்டால் போர்டில் உட்காராது என்பதால் அளவெடுத்துக்கொண்டு போயிருந்தேன். கழற்றிக் கொண்டுபோன பழையதைக் கடைக்காரர் தம் கருவியில் வைத்துப் பார்த்தார். 4700 இருக்க வேண்டிய இடத்தில் 100ஐக்கூடத் தொடவில்லை. கெட்டது ஒன்றே ஆயினும் இரண்டையும் மாற்றினோம். ஒரே வயதுடைய மற்றது பின்தொடர நாளாகாது என்றார் தாத்தா.

தங்கையர் சிலர் இதைச் செய்து பார்க்க விரும்பலாம். அவர்களுக்கு மூன்று செய்திகள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் நல்ல கண்டன்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்; ஒரு கிலோ ஓம் மின்தடையை அதன் இரு கால்களுக்கும் குறுக்கே அரை நிமிடம் பிடித்து இறக்கிவிட வேண்டும். அடுத்து, கண்டன்சரின் உடம்பில் பட்டைக் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. அதை மாற்றிப் பொருத்தினால் வெடிக்கும். மூன்றாவது, பற்றவைக்கும் ஈயக்கம்பியில் காரீயமும் கலந்திருப்பதுண்டு. சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்ய வேண்டும், முடித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இவையனைத்திலும் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது கட்டாயம்.

பொருத்தி முடித்ததும் நேராகச் சுவரில் செருக விடவில்லை. பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்த பலகை தாத்தாவிடம் இருந்தது. உள்ளே எங்கேனும் ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். பெட்டி எரியாமல் தப்பும். எங்கள் பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கியது. பிறகு நேரடியாகக் கொடுத்தோம். முனகல் இல்லை. அறை அமைதியாக இருந்தது.

மகிழ்ச்சி மூன்று நாள்தான். நான்காம் நாள் வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரத்தில் தொப்பியின் நாதம் நின்றுபோயிற்று. பெட்டியைத் தட்டினால் வந்தது, மறுபடி போயிற்று. "பார்த்தியாக்கா, நான் சொன்னேன்ல?" என்றார் மாமா. எனக்கு அழுகை வந்தது. தாத்தாவோ, "இது வேற வியாதி. ஒரு வீட்டுல ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வரக்கூடாதா?" என்று சிரித்தார். தட்டினால் வருகிறது என்பதே அடையாளம் என்றார். காய்ந்த மரக்குச்சி ஒன்றால் போர்டின் ஒவ்வோர் இடமாக மெல்லத் தட்டச் சொன்னார். டி.டி.ஏ. 2030 என்னும் ஐந்து கால் ஐ.சி.க்கு அருகே தட்டியபோது ஒலி விட்டு விட்டு வந்தது.

மின்சாரத்தை நிறுத்தி, மின்னூட்டம் இறக்கி, போர்டைத் திருப்பிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போன்ற வட்ட விரிசல். சூடாகி விரிந்தும், குளிர்ந்து சுருங்கியும், நாள் முழுதும் அதிர்ந்தும் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதியது இட்டேன். ஐந்து கால்களுக்கும் அவ்வாறே செய்தேன். அந்த ஐ.சி.யின் முதுகுத் தகடு எதிர்முனையோடு உள்ளேயே இணைந்தது. ஆகவே அதற்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மைக்கா தாளைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டேன். அன்று மாலை முழு வகுப்பும் தடையின்றி நடந்தது. ஜூன் மாத விழாவிலும் பிள்ளைகள் அந்தப் பெட்டியின் ஒலிக்கே ஆடினார்கள். இன்றுவரை அது உழைக்கிறது. வேலை இல்லாதபோது பிளக்கைப் பிடுங்கி வைக்கிறோம். சுவரை ஒட்டி வைத்திருந்ததைச் சற்று முன்னே நகர்த்தியிருக்கிறோம்.

செலவு என்னவென்று பெற்றோர் கேட்கக்கூடும். கண்டன்சர், ஈயம், பேருந்து எல்லாம் சேர்த்து 190 ரூபாய். எல்லாப் பழுதும் இப்படிக் குறைந்த செலவில் தீரும் என்று நான் சொல்லமாட்டேன். டிரான்ஸ்பார்மர் கருகியிருந்தால் விட்டுவிடலாம் என்று தாத்தாவே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். ஆனால் திறந்து பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்வது முறையன்று. எறிந்த பெட்டி காணாமற் போய்விடுவதும் இல்லை. அதிலுள்ள காரீயமும் செம்பும் யாரோ ஒருவர் வீட்டருகே குப்பைமேட்டில் கிடக்கின்றன. இதை உணர்ந்துதான் நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வாங்கிய பொருளைச் செப்பனிட்டுக்கொள்ளும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பர் 24இல், தேசிய நுகர்வோர் நாளன்று, ஓர் இணையவாயிலையும் தொடங்கியது. சட்டம் உரிமையைத் தரலாம். கையும் கண்ணும் பழகுவதை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

தாத்தாவின் கையில் அறுபது ஆண்டுக் கைத்தொழில் இருக்கிறது. அவர் பிள்ளைகள் அதைக் கற்கவில்லை. கேட்பார் இல்லாமல் அவரும் மூட்டைகட்டி வைத்திருந்தார். இப்போது ஞாயிறுதோறும் மாலை ஒரு மணி நேரம் நான் போகிறேன். அடுத்த தெருவிலிருந்து ஒரு மிக்சியும், ஒரு மேசை விளக்கும் வந்துவிட்டன. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்க விரும்புவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா "பார்க்கலாம்" என்றார். சென்ற மாதம் மாமா தம் வீட்டு ரேடியோவைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் என் மேசைமீது வைத்துவிட்டுப் போனார்.

அன்புத் தங்கையரே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள். ஒருவருக்குத் தையல் இயந்திரத்தின் நுணுக்கம் தெரிந்திருக்கும், ஒருவருக்குக் கடிகாரம், ஒருவருக்குத் தண்ணீர்ப் பம்பு. அவர்களிடம் போய்க் கேளுங்கள். நேரம் கடந்துவிடுவதற்குள் கேளுங்கள்.